வீட்டுக்குச் சிக்கனமான பிரிண்டர்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல்லில் பதினான்கு வருடங்களாகப் பிரிண்டர் பழுது பார்க்கிறேன். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பல பேருடைய மிஷினில் பெரிய பழுது எதுவும் இருக்காது. அவர்கள் வீட்டுப் பழக்கத்துக்குப் பொருந்தாத மிஷினை யாரோ தலையில் கட்டியிருப்பார்கள். புது கார்ட்ரிஜ் விலையைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கும்போது, வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் எங்கள் ஊர் விலையை வைத்து ஏறத்தாழப் போட்டது. உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4,000 ரூபாய்க்கும் பிரிண்டர் இருக்கிறது, 13,000 ரூபாய்க்கும் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எதற்கு இவ்வளவு வித்தியாசம்?

இங்க் எங்கே இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 4,000 ரூபாய் பிரிண்டரில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கார்ட்ரிஜுக்குள் சில மில்லி லிட்டர் இங்க் இருக்கும். 13,000 ரூபாய் பிரிண்டரில் பக்கவாட்டிலோ முன்னாலோ டேங்க் இருக்கும். பாட்டிலிலிருந்து நாமே ஊற்றிக்கொள்ளலாம்.

முதல் வகையில் கம்பெனிக்கு மிஷினில் பெரிய லாபம் கிடையாது, கார்ட்ரிஜில்தான் வருமானம். கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிஜ் மாற்றினால் மிஷின் விலையில் பாதியை நெருங்கிவிடும். இரண்டாம் வகையில் முழு விலையையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள், இங்க் மலிவு.

இந்த டேங்க் முறையைக் கம்பெனிகள் தாமாக யோசித்துக் கொண்டுவந்ததாக நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே பழுது பார்க்கிற ஆட்கள் பிரிண்டருக்கு வெளியே பாட்டில்களை வைத்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படிக் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தோனேசியாவில் அந்தப் பழக்கம் மிகவும் பரவியிருந்தது. எப்சன் நிறுவனம் தன் முதல் டேங்க் பிரிண்டரை 2010இல் அங்கேதான் இறக்கியது. பிறகு கேனான், பிரதர், எச்பி என எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள்.

ஒரு பக்கத்துக்கு என்ன செலவு என்று நானே கணக்குப் போட முடியுமா?

முடியும், ஒரே ஒரு வகுத்தல்தான். கார்ட்ரிஜ் அல்லது பாட்டிலின் விலையை, அது எத்தனை பக்கம் தரும் என்று கம்பெனி சொல்லும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும்.

எச்பி 805 கறுப்பு கார்ட்ரிஜ் 120 பக்கம் தரும் என்பது கம்பெனிக் கணக்கு. 800 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறே முக்கால் ரூபாய் வரை வருகிறது. கேனான் 745 கறுப்பு 180 பக்கம். அதிலேயே சின்ன அளவு கார்ட்ரிஜ் 100 பக்கம்தான். இப்போது எப்சன் 003 கறுப்பு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 65 மி.லி. இங்க், 4,500 பக்கம். 400 ரூபாய் என்றாலும் பக்கத்துக்கு 9 பைசாதான். ஒருவர் ஒரு பக்கத்துக்குச் செலவழிக்கிற இங்க் காசில் இன்னொருவர் எழுபது பக்கம் எடுத்துவிடுகிறார்.

அப்படியானால் டேங்க் பிரிண்டரில் எது பெரிய செலவு? காகிதம்தான். 500 தாள் கட்டு 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 பைசா. கார்ட்ரிஜ் பிரிண்டர் வைத்திருப்பவர் இங்க்கை மிச்சம் பிடிக்க எழுத்தை மங்கலாக எடுப்பார். டேங்க் வைத்திருப்பவர் தாளின் இரண்டு பக்கமும் எடுத்தாலே போதும், அதுதான் அவருக்கு மிச்சம்.

கம்பெனி சொல்லும் பக்கக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஐஎஸ்ஓ தரப்படி குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்துப் பார்த்துச் சொல்கிற எண் அது. அந்தப் பக்கங்களில் எழுத்து ஓரளவுதான் இருக்கும். தாளில் 5 சதவீதம் போல மை படும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாம் எடுக்கிற ஆதார் நகல், பாடப் புத்தகப் பக்கம், கட்டம் போட்ட கால அட்டவணை எல்லாம் அதை விட அதிகம் மை குடிக்கும். இங்க்கைத் தாளில் தெளிக்கிற பகுதிக்கு ஹெட் என்று பெயர்; அதைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்குக்குப் போகிற இங்க்கும் வேறு இருக்கிறது. புது டேங்க் பிரிண்டரில் முதல் முறை ஊற்றும் இங்க்கில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். அதனால் கம்பெனி எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது என்று எண்ணியே வாங்குங்கள். அப்படிப் பார்த்தாலும் டேங்க் பிரிண்டரில் பக்கத்துக்கு 15 பைசாவைத் தாண்டாது.

மாதத்துக்கு எத்தனை பக்கம் எடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டுமா?

அதையும் பார்க்க வேண்டும். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு ஒரு கேள்வி: கடைசியாகப் பிரிண்ட் எடுத்ததற்கும் அதற்கு முந்தைய தடவைக்கும் எத்தனை நாள் இடைவெளி?

எங்கள் கடைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். மலிவு என்று ஒரு கார்ட்ரிஜ் பிரிண்டர் வாங்கியிருந்தார். ஓய்வூதியம் சம்பந்தமாக ஏதாவது படிவம் வந்தால் எடுப்பார். பிறகு மூன்று மாதம், நான்கு மாதம் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிடுவார். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கார்ட்ரிஜ் காய்ந்திருக்கும். ஒன்றரை வருடத்தில் மூன்று கார்ட்ரிஜ் மாற்றினார். மூன்றும் சேர்த்து 2,400 ரூபாய். மொத்தமாக அவர் எடுத்தது நாற்பது பக்கம் இருக்கும். பக்கத்துக்கு 60 ரூபாய் ஆகியிருக்கிறது. இதே மிஷின் வாரா வாரம் நாலு பக்கம் எடுக்கிற வீட்டில் இருந்திருந்தால் இப்படிக் காய்ந்திருக்காது.

வாரம் ஒரு முறையாவது எடுக்கிற வீட்டுக்கு இங்க் பிரிண்டர் சரி. மாதக் கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் லேசர் வாங்குங்கள், அல்லது எதுவுமே வாங்காதீர்கள்.

வாங்காமலே இருந்துவிடலாமா? ஜெராக்ஸ் கடையே போதுமா?

பல வீடுகளுக்குப் போதும். இப்படிச் சொல்வதால் எனக்கு வியாபாரம் குறையும், இருந்தாலும் உண்மை அதுதான். வருடத்துக்கு நூறு பக்கத்துக்குள் எடுக்கிறவர்கள், தெருமுனையில் கடை இருந்தால், பக்கத்துக்கு 5 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். வருடம் 500 ரூபாயோடு முடிந்துவிடும்.

கணக்கை நேராகவே சொல்கிறேன். கடையில் 5 ரூபாய், வீட்டில் காகிதத்தோடு சேர்த்து 70 பைசா. பக்கத்துக்கு 4 ரூபாய் 30 பைசா மிச்சம். 13,000 ரூபாய் டேங்க் பிரிண்டரின் விலையை இப்படித் திரும்ப எடுக்க 3,000 பக்கம் அடிக்க வேண்டும். மாதம் 60 பக்கம் எடுக்கிற வீட்டுக்கு நாலு வருடம் ஆகும். கலர் அதிகம் எடுத்தால் சீக்கிரம் எடுத்துவிடலாம், ஏனென்றால் கடையில் கலர் பக்கம் 10 ரூபாய்க்குக் குறையாது. டேங்க் பிரிண்டரையும் கார்ட்ரிஜ் பிரிண்டரையும் ஒப்பிட்டால் கணக்கு வேறு: 9,000 ரூபாய் விலை வித்தியாசம் 1,400 பக்கத்திலேயே ஈடாகிவிடும்.

ஆனால் இரவு ஒன்பதரை மணிக்கு, "நாளைக்குக் காலையில் புராஜெக்ட் கொடுக்கணும்மா" என்று பிள்ளை சொல்லும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது. தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பட்டா நகல் இல்லையென்று தெரிந்தால் ஒரு நாள் அலைச்சல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிண்ட் எடுக்க ஆதாரையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். அது அவர் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். வீட்டில் பிரிண்டர் வைத்துக்கொள்ள இந்த ஒரு காரணம் போதும் என்று நினைப்பவர்களை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

எப்போதாவதுதான் எடுப்போம், கலர் வேண்டாம். லேசர் வாங்கலாமா?

தாராளமாக. லேசர் பிரிண்டரில் உள்ளே இருப்பது திரவம் கிடையாது; டோனர் என்கிற நைசான பிளாஸ்டிக் பொடி. அது தாளில் ஒட்டி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிப் பதிகிறது. காய்வதற்கு அதில் ஈரமே இல்லாததால் ஆறு மாதம் கழித்து ஆன் செய்தாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும். எழுத்து தண்ணீர் பட்டாலும் கரையாது.

கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் மட்டும் எடுக்கிற லேசர் 10,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. ஸ்கேனரோடு சேர்ந்தது 15,000க்கு மேலே போகும். கலர் லேசர் பக்கம் வீட்டுக்காரர்கள் போக வேண்டாம். நாலு டோனர் மாற்றும் செலவு தாங்காது.

டோனர் விஷயத்தில் இரண்டு மாதிரி இருக்கிறது. எச்பி 12ஏ போன்றவற்றில் டோனரும், அதைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் உருளையான ட்ரமும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். ஒரிஜினல் 2,000 பக்கம் வரும், விலை அதிகம். ஆனால் இதே கார்ட்ரிஜை எங்களைப் போன்றவர்கள் 300 ரூபாய்க்குள் ரீஃபில் செய்து தருகிறோம். 1,500 பக்கம் வந்தால்கூட பக்கத்துக்கு 20 பைசாதான். ரீஃபில் செய்துகொண்டே போனால் ட்ரம் தேயும், தாளில் செங்குத்தாகக் கோடு விழும். அப்போது ட்ரம்மை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிரதர் மாதிரியில் இரண்டும் தனித்தனி. எச்எல்-எல்2321டி மாடலை எடுத்தால் டோனர் 2,600 பக்கம், ட்ரம் 12,000 பக்கம். டோனர் தீர்ந்தால் டோனரை மட்டும் மாற்றினால் போதும். அந்த மாடல் தாளின் இரு பக்கமும் தானே அடித்துக்கொடுக்கும் என்பதால் காகிதச் செலவும் பாதியாகும்.

எச்பியின் நெவர்ஸ்டாப் வரிசையில் டோனரை ஊசி போன்ற ஒரு குழாயால் நாமே நிரப்பலாம். 103ஏ கிட் ஒன்று 2,500 பக்கம் வரும்.

வாங்கும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: பெட்டியோடு வரும் டோனர் முழு அளவா, அரை அளவா? பல மாடல்களில் குறைந்த அளவு டோனர்தான் போட்டு அனுப்புகிறார்கள். "மூணு மாசத்துலயே தீர்ந்துபோச்சே, ஏமாத்திட்டாங்களா அண்ணே?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். கலரும் வேண்டும். எந்த டேங்க் பிரிண்டர்?

எப்சன், கேனான், பிரதர், எச்பி நான்கிலும் வீட்டுக்கு ஏற்ற மாடல்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். மாவட்டத் தலைநகருக்குப் பிரிண்டரைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போகிற கஷ்டம் போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். சர்வீஸ் பக்கத்திலேயே இருந்தால், பிறகு இரண்டு வித்தியாசங்களைப் பாருங்கள்.

ஒன்று, கறுப்பு இங்க் எந்த ரகம் என்பது. எப்சன் 003 இங்க் போடும் எல்3210, எல்3250 போன்ற மாடல்களில் கறுப்பு இங்க்கும் சாயம் கரைந்த இங்க்தான். ஈரக் கை பட்டால் எழுத்து கலங்கும். கேனான் ஜி வரிசை, எச்பி ஸ்மார்ட் டேங்க், பிரதர் டி வரிசை மாடல்களில் கறுப்பு மட்டும் நிறமித் துகள் கலந்த இங்க். அது தாளின் மேலேயே தங்கிக் காய்வதால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். மழைக்காலத்தில் விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. படம் அதிகம் எடுப்பவர்களுக்குச் சாய இங்க் குறையே இல்லை. பளபளத் தாளில் அழகாக வரும்.

இரண்டாவது, ஹெட். எப்சனிலும் பிரதரிலும் மின்சாரம் பட்டால் நெளியும் சின்னஞ்சிறு படிகங்கள் இங்க்கைத் தள்ளுகின்றன. சூடு கிடையாது, ஹெட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கெட்டுப்போனால் மாற்றும் செலவு மிஷின் விலையில் பாதியைத் தொடலாம். கேனான் ஜி வரிசையிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் இங்க்கைச் சூடாக்கி, குமிழி உண்டாக்கித் தள்ளுகிறார்கள். அந்த ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம், விலையும் குறைவு. ஆனால் டேங்கில் இங்க் தீர்ந்தது தெரியாமல் ஓட்டினால் ஹெட் வெந்துபோகும். பிள்ளைகள் கையில் விடும் வீடு என்றால் டேங்கில் கீழ்க்கோட்டுக்கு வருவதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள்.

ஹெட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

என் கடைக்கு வரும் இங்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையோடுதான் வருகின்றன. அதில் பாதி நம் ஊர்ப் பழக்கத்தால் வருவது. வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பிரிண்டருக்கு அது ஆகாது.

பிரிண்டரில் இருக்கும் பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அந்த மூடிதான் இங்க் காயாமல் காக்கிறது. திடீரென்று சுவரில் அணைத்தால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிட வாய்ப்புண்டு. சித்திரை வெயிலில் இரண்டே நாளில் காய்ந்துவிடும். முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், பிரிண்டர் மேலேயே எழுதி ஒட்டினாலும் நல்லது.

வாரம் ஒரு பக்கம், நாலு நிறமும் இருக்கிற மாதிரி ஏதாவது எடுங்கள். பிள்ளை வரைந்து ஸ்கேன் செய்த படமாக இருக்கட்டும், காலண்டர் தாளாக இருக்கட்டும். கோடைவிடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் அடைப்பு என்று ஜூன் முதல் வாரத்தில் வரிசையாக வருவார்கள். போகும்போது சாவி கொடுத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டு அக்காவிடம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு ஒரு பக்கம் எடுக்கவும் சொல்லுங்கள்.

அடைத்துவிட்டால் நாஸில் செக் என்கிற சோதனைப் பக்கத்தை எடுத்துப் பார்த்து, ஹெட் கிளீனிங் போடுங்கள். மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து போட வேண்டாம். அணைத்து, பன்னிரண்டு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். பல நேரம் இங்க் தானே ஊறி இளகிவிடும். விடாமல் கிளீனிங் போட்டால் டேங்க் வேகமாக இறங்கும், அடுத்த கேள்வியில் வரும் பஞ்சும் நிரம்பும்.

எச்பி 805, கேனான் 745 மாதிரி சின்ன கார்ட்ரிஜ்களில் ஹெட் அந்த கார்ட்ரிஜிலேயே இருக்கிறது. அடைத்தால் கார்ட்ரிஜை மாற்றினால் புது ஹெட் வந்துவிடும். அந்த வகையில் இருக்கிற ஒரே நல்ல விஷயம் அது.

"இங்க் பேட் நிரம்பிவிட்டது" என்று காட்டி நின்றுவிட்டது. பிரிண்டர் போய்விட்டதா?

போகவில்லை, பயப்படாதீர்கள். கிளீனிங்கில் வெளியேறும் இங்க் மிஷினின் அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேர்கிறது. அது நிரம்பியிருக்கும் என்று மிஷின் ஒரு கணக்கு வைத்திருக்கும். கணக்கு எட்டியதும் இங்க் வழிந்து மேசையைக் கெடுத்துவிடக் கூடாது என்று தானே நிறுத்திக்கொள்ளும். கேனானில் 5பி00 என்ற எண் வருவது இதற்குத்தான்.

பஞ்சை மாற்றி, கணக்கை ரீசெட் செய்ய வேண்டும். எங்கள் மாதிரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்து அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சில மாதத்தில் அடியில் இங்க் கசியும். பழைய பஞ்சைக் கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள், இந்தப் பஞ்சை நாமே மாற்றும் பெட்டியாக வைத்திருக்கும் மாடல்களைத் தேடலாம். கேனான் ஜி2020, ஜி3020 இரண்டிலும் அப்படி இருக்கிறது.

கம்பெனி இங்க்கே போட வேண்டுமா? லோக்கல் இங்க் ஊற்றினால் என்ன?

டேங்க் பிரிண்டருக்குக் கம்பெனி இங்க்கே ஊற்றுங்கள். பக்கத்துக்கு 9 பைசா என்பதை 4 பைசா ஆக்கி வீட்டில் என்ன மிச்சமாகிவிடப் போகிறது? வருடம் 700 பக்கம் எடுத்தால் 35 ரூபாய் மிச்சம். அதற்காக 13,000 ரூபாய் மிஷினின் ஹெட்டைப் பணயம் வைக்க வேண்டாம். போலி பாட்டிலும் சந்தையில் இருக்கிறது; சீல், ஹாலோகிராம் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். வாரண்டியிலும் தகராறு வராது.

கார்ட்ரிஜ் பிரிண்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் என் பதில் வேறு. அதற்கு ஊசி போட்டு ரீஃபில் செய்துகொள்ளுங்கள். கெட்டாலும் போவது ஒரு கார்ட்ரிஜ்தான். மூன்று நாலு தடவை ஓடும். லேசர் டோனருக்கும் நல்ல பொடி போடுகிற ஆளைத் தெரிந்து வைத்திருந்தால் ரீஃபிலே போதும். மட்டமான பொடி என்றால் எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி படியும், சூடாக்கும் பகுதியும் கெடும்.

சில பிரிண்டர்கள் வேறு கார்ட்ரிஜை ஏற்காது என்கிறார்களே?

உண்மை. கார்ட்ரிஜில் ஒரு சிப் இருக்கும். மிஷின் அதைப் படித்துப் பார்த்துத்தான் வேலை செய்யும். இன்று ஏற்றுக்கொள்கிற மிஷின், இணையம் வழியாக மென்பொருள் அப்டேட் ஆனதும் நாளைக்கு மறுக்கலாம். 2016 செப்டம்பரில் எச்பியின் ஆபீஸ்ஜெட் வரிசையில் பல மாடல்கள் ஒரே நேரத்தில் இப்படி வேறு கம்பெனி கார்ட்ரிஜ்களை நிராகரித்தன. பயன்படுத்துகிறவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்த பிறகு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளையும் கம்பெனி கொடுத்தது. அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு பிறகும் பல மாடல்களில் தொடர்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

மாதச் சந்தா கட்டி இங்க் வாங்கும் திட்டங்களும் வெளிநாடுகளில் பரவியிருக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் கார்ட்ரிஜில் இங்க் மிச்சம் இருந்தாலும் அது வேலை செய்யாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி அனுப்பும் பிரிண்டர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: பல மாடல்களில் அந்தந்த நாட்டுக்கு உரிய கார்ட்ரிஜ்தான் சேரும். அன்போடு அனுப்பினாலும் இங்கே இங்க் கிடைக்காமல் மூலையில் கிடக்கும். பணத்தை அனுப்பச் சொல்லி இங்கேயே வாங்குங்கள்.

ஸ்கேனர், வைஃபை, இரு பக்க அச்சு இதெல்லாம் தேவையா?

ஸ்கேனர் வாங்குங்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பும் வேலை எல்லா வீட்டிலும் வருகிறது, ரேஷன் கார்டு நகல் எடுக்கவும் ஆகும். வைஃபை இருந்தால் செல்போனிலிருந்து நேராக எடுக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவர்களுக்கு அது கட்டாயம். மலிவு மாடல்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். ரூட்டரில் அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தானாக இரு பக்கமும் அடிக்கும் வசதி லேசரில் கிடைத்தால் எடுங்கள், டேங்க் பிரிண்டரில் அதற்காக மூவாயிரம் கூடக் கொடுக்க வேண்டாம். தாளைத் திருப்பி வைத்து எடுக்கப் பழகிக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டரில் ஓடுமா?

இங்க் பிரிண்டர் ஓடும். 10, 20 வாட்தான் இழுக்கும். லேசர் சூடாகும் நேரத்தில் சில நூறு வாட் ஒரே மூச்சில் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் லேசரைச் செருகவே செருகாதீர்கள்.

எந்தக் காகிதம்?

வீட்டுக்கு 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். இரு பக்கமும் எடுப்பதானால் 75க்குக் குறையாமல் வாங்குங்கள், இல்லையென்றால் இங்க் மறுபக்கம் தெரியும். நம் பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979இல் அரசு தொடங்கியது, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. டிஎன்பிஎல் என்று போட்ட அந்தக் கட்டைத்தான் நான் கடையில் போட்டு ஓட்டுகிறேன். கட்டைப் பிரித்தால் மிச்சத் தாளை அந்த உறையிலேயே சுற்றி வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய தாள்தான் ரோலரில் இரண்டு இரண்டாகப் போய்ச் சிக்கும். ஜாம் ஆனால் தாளை அது போகிற திசையிலேயே மெதுவாக இழுங்கள்.

பழைய பிரிண்டர் வாங்கலாமா?

பழைய டேங்க் பிரிண்டர் வேண்டாம். எத்தனை நாள் காய்ந்து கிடந்தது, என்ன இங்க் ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பழைய கறுப்பு வெள்ளை லேசர் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். கேனான் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் நம் ஊர் அலுவலகங்களில் வருடக் கணக்காக உழைத்த மிஷின்கள். எல்பிபி2900இன் 303 கார்ட்ரிஜும் எச்பியின் 12ஏவும் ஒரே வகை என்பதால் ரீஃபில், ட்ரம், ரோலர் எல்லாம் சின்ன ஊரிலும் கிடைக்கும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு சுற்றுப் போனால் போதும். 3,000, 4,000 ரூபாய்க்கு நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் யுஎஸ்பி மட்டும்தான். செல்போனிலிருந்து நேராக எடுக்க முடியாது, ஸ்கேனரும் இல்லை.

வாங்கும் இடத்திலேயே இருபது பக்கம் தொடர்ந்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு பக்கம் எந்த மிஷினும் நன்றாகத்தான் எடுக்கும். பத்துப் பக்கத்துக்கு மேல் சூடேறிய பிறகு தாள் சிக்குகிறதா, எழுத்தை விரலால் தேய்த்தால் பொடி வருகிறதா, ஒரே இடைவெளியில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறதா என்று பாருங்கள். புள்ளி விழுந்தால் ட்ரம்மை மாற்றினால் சரியாகும். விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பொடி உதிர்ந்தால் சூடாக்கும் பகுதி போய்விட்டது, அதை வாங்காதீர்கள்.